மழைத் தண்ணீரும் வீட்டுத் தோட்டமும்: தொட்டி வாங்குமுன் ஒரு கணக்கு



சென்ற மழைக்காலத்துக்கு முன் நமது அறக்கட்டளை சார்பில், வீட்டுத் தோட்டம் வைத்திருக்கும் சில குடும்பங்களுக்கு ஆளுக்கொரு 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் கொடுத்தோம். மொட்டை மாடித் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டால் மழையில்லாத நாட்களில் செடிகளுக்கு ஊற்றலாம் என்பது எண்ணம். எண்ணத்தில் பழுதில்லை. கணக்குப் போடாமல் கொடுத்ததுதான் தவறு. அந்தத் தவறு செயலாளர் என்ற முறையில் என்னுடையது. அதைச் சரிசெய்யத்தான் இந்தப் பாடம்.

டிரம் வாங்கியவர்களில் கணவரை இழந்த ஒரு சகோதரி இருக்கிறார். வீட்டுக்குப் பின்னால் பத்தடிக்குப் பத்தடி இடத்தில் கீரை போட்டு, கட்டுக் கட்டாக அக்கம்பக்கத்தில் விற்று, மகளின் டியூஷன் கட்டணத்தை அதிலிருந்துதான் கட்டுகிறார். தை மாதம் போய்ப் பார்த்தபோது பாத்தியில் பாதி கருகிக் கிடந்தது. இலையெல்லாம் ஓரத்தில் தீய்ந்திருந்தது. "டிரம் தண்ணி நாலு நாளைக்குத்தான் காக்கா வந்துச்சு. அப்புறம் போர் தண்ணிதான் ஊத்தினேன்" என்றார். ராமநாதபுரம் மாவட்டக் கரையோரத்தில் இருக்கும் நமக்குப் போர் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. காய்ந்த மண்ணில் வெள்ளையாகப் பூக்கிறதே, அந்த உப்பைத் தென்னை ஓரளவு தாங்கும். முளைத்து இரண்டு இலை விட்ட கீரை தாங்காது. அவரை போன்ற பயற்றினச் செடிகள் இன்னும் தாங்காது.

நாலு நாள் என்று அவர் சொன்னது மிகச் சரியான கணக்கு என்பது வீட்டுக்கு வந்து பேனாவை எடுத்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் தண்ணீர். இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் பெருக்கல்தான். 500 சதுர அடி மொட்டை மாடி ஏறக்குறைய 46 சதுர மீட்டர். 10 மில்லிமீட்டர் மழைக்கு 460 லிட்டர் விழும். தரை உறிஞ்சுவது, தெறிப்பது, ஆவியாவது போக ஐந்தில் நான்கு பங்கு குழாய்க்கு வரும் என்று வைத்துக்கொண்டால் 370 லிட்டர். நம் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. பாதி என்றே வைத்தாலும், அந்தச் சின்ன மாடியிலிருந்து மூன்று மாதத்தில் ஏறக்குறைய 15,000 லிட்டர் இறங்குகிறது. நாம் கொடுத்த டிரம்மோ 6 மில்லிமீட்டர் தூறலிலேயே நிரம்பிவிடும். மிச்சமெல்லாம் தெருவுக்கு.

செலவுப் பக்கத்தையும் பாருங்கள். பத்தடிக்குப் பத்தடி பாத்தி என்பது சுமார் 9 சதுர மீட்டர். வெயில் அடிக்கும் நாளில் சதுர மீட்டருக்கு 5 லிட்டர் என்றால் நாளொன்றுக்கு 45 லிட்டர், அதாவது மூன்று குடம். 200 லிட்டர் டிரம் நாலு நாள். 1,000 லிட்டர் தொட்டி சுமார் மூன்று வாரம். சித்திரை, வைகாசி வரை ஓட்ட வேண்டுமானால் 5,000 லிட்டருக்கு மேல் தொட்டி வேண்டும். அதற்கு இடமும் பணமும் நம்மில் எத்தனை பேரிடம் இருக்கிறது?

ஆகவே கோடைத் தோட்டம் முழுவதையும் மழைத் தண்ணீரில் நடத்திவிடலாம் என்ற ஆசையை முதலில் விட்டுவிட வேண்டும். சிறிய தொட்டி வேறொரு வேலைக்கு மிகவும் உதவும். மழைக்காலத்திலேயே இடையில் 10 நாள், 15 நாள் வானம் வெறித்துவிடுவது வழக்கம். அந்த இடைவெளியில்தான் இளம் பயிர் சாகிறது. 1,000 லிட்டர் இருந்தால் அந்த நாட்களைக் கடக்கலாம். அடுத்த மழையில் தொட்டி மறுபடி நிரம்பிவிடும். கடைசி மழை முடியும்போது நிறைந்திருக்கும் தொட்டியைக் கொண்டு இன்னொரு முறை சிறுகீரை எடுத்துவிடலாம். சிறுகீரை நாலு வாரத்துக்குள் பறிப்புக்கு வந்துவிடும். முதல் வாரத்தில் நாற்றுக்கு முழு அளவு தண்ணீர் தேவையில்லை, தை வெயிலும் அவ்வளவு கடுமையில்லை. அந்தச் சகோதரிக்கு அந்த ஒரு பறிப்பு என்றால் மகளுக்கு ஒரு மாத டியூஷன்.

2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டிடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது நாம் தோண்டிய குழிகள் வேறு. அவை நிலத்தடிக்குத் தண்ணீரை இறக்குபவை. (பல வீடுகளில் அவை தூர்ந்துபோய் மேலே டைல்ஸ் போட்டாகிவிட்டது. அது தனியாகப் பேச வேண்டிய விஷயம்.) இங்கே சொல்வது பிடித்து வைத்து ஊற்றுகிற தண்ணீர்.

தொட்டியை எங்கே வைப்பது? 1,000 லிட்டர் என்பது ஒரு டன் எடை. பழைய மாடியிலோ, மண் தளர்ந்த இடத்திலோ வைக்காதீர்கள். தரையில் கெட்டியாகக் கல் பாவி, ஒன்றரை இரண்டு அடி உயரத் திட்டு கட்டி அதன்மேல் வையுங்கள். குழாய்க்குக் கீழே குடம் நிற்க வேண்டுமல்லவா? குழாயை அடியிலிருந்து மூன்று அங்குலம் மேலே வைத்தால் படியும் சேறு கீழேயே தங்கிவிடும். வெளிச்சம் புகும் வெள்ளைத் தொட்டியில் பாசி பிடிக்கும், கறுப்பு நல்லது. தொட்டி வாங்க வசதியில்லாதவர்கள் டிரம்களை வரிசையாக ஒரே மட்டத்தில் வைத்து அடியில் குழாயால் இணைத்தால் எல்லாம் சேர்ந்து நிரம்பும், சேர்ந்து இறங்கும். ஆனால் பூச்சிமருந்தோ ஆசிட்டோ இருந்த பழைய டிரம்மை விலை மலிவு என்று வாங்கிவிடாதீர்கள். எத்தனை முறை கழுவினாலும் அதில் நம்பிக்கை இல்லை.

பருவத்தின் முதல் மழையில் மாடியின் தூசும் புறா எச்சமும்தான் முதலில் வரும். 500 சதுர அடி மாடிக்கு முதல் மூன்று குடம் அளவை வெளியே விட்டுவிட்டுப் பிறகு குழாயைத் தொட்டிப் பக்கம் திருப்புங்கள். இந்தத் தண்ணீர் குடிப்பதற்கல்ல. கொத்தமல்லி, புதினா என்று பச்சையாகச் சாப்பிடும் இலைகளின் மேல் தெளிக்காமல் வேரடியில் ஊற்ற வேண்டும். முதல் நல்ல மழையைப் பாத்தியே நேராக வாங்கிக்கொள்ளட்டும். மண்ணில் சேர்ந்த உப்பை அதுதான் கழுவிக் கீழே இறக்கும்.

இனி கொசு. இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. நாம் கொடுத்த டிரம் மூடியில் குழாய் நுழைய ஓட்டை போட்டிருந்தோம். குழாயைச் சுற்றி இரண்டு விரல் நுழையும் சந்து. ஒரு நாள் சுகாதார ஆய்வாளர் வந்து டார்ச் அடித்துப் பார்த்தார். தண்ணீர் முழுக்கப் புழு. டெங்குவைப் பரப்பும் கொசு சாக்கடையைத் தேடுவதில்லை. அதற்குப் பிடித்தது இப்படித் தேங்கி நிற்கும் தெளிந்த தண்ணீர்தான். முட்டை கொசுவாகிப் பறக்க எட்டுப் பத்து நாள் போதும். எல்லா டிரம்மையும் கவிழ்க்கச் சொன்னார். சரியான உத்தரவு. அந்தச் சகோதரி மட்டும், "கொட்டுறதுன்னா சாக்கடைல ஏன் காக்கா, பாத்தியில கொட்டுங்க" என்றார். ஆய்வாளரும் சரி என்றார். மண்ணில் கொட்டினால் புழு செத்துவிடும், செடிக்குத் தண்ணீரும் ஆயிற்று.

தண்ணீரைக் கொட்டிவிட்டால் மட்டும் போதாது. இந்தக் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே உட்சுவரில் முட்டையை ஒட்டிவைக்கும். அது காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, அடுத்த முறை நனைந்ததும் பொரிக்கும். ஆகவே காலியானதும் உட்புறத்தைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும். தண்ணீர் உள்ளே வரும் வாயில், நிரம்பி வழியும் வாயில் இரண்டிலும் கொசுவலையை இரண்டு மடிப்பாக இழுத்துக் கட்டி, மூடிச் சந்தை அடைத்துவிட வேண்டும். வழியும் குழாயை மறப்பவர்கள்தான் அதிகம். அது உள்ளே வரும் குழாயளவு அகலமாக இருக்கட்டும். வழியும் தண்ணீர் சுவரடியில் நிற்காமல் ஒரு மரத்தடிக்குப் போகட்டும்.

மாசிக்குப் பிறகு என்ன செய்வது? கீரைப் பாத்தியை ஓய விட்டுவிட்டு, கறிவேப்பிலை, மாதுளை, மருதாணி என்று நாலைந்து செடிகளை மட்டும் காப்பாற்றப் பாருங்கள். அதற்கு மண்பானை போல ஒன்று இல்லை. வர்ணம் பூசாத 5 லிட்டர் பானையைச் செடிக்கு ஓரடி தள்ளிக் கழுத்துவரை புதைத்து, தண்ணீர் ஊற்றி, வாயை மூடிவிட வேண்டும். பானை கசிந்து வேரை நனைக்கும். மேல்மண் காய்ந்தே இருப்பதால் வெயில் குடிப்பது குறைவு. மண்ணைப் பொறுத்து மூன்று நாளுக்கொரு முறையோ ஐந்தாறு நாளுக்கொரு முறையோ நிரப்பினால் போதும். செடியடியில் சருகோ வைக்கோலோ நான்கு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். பாத்தியில் ஊற்றுவதாக இருந்தால் அஸருக்குப் பின் அல்லது ஃபஜ்ருக்குப் பின், நடுப்பகலில் வேண்டாம்.

ஒளு செய்த தண்ணீரை மரங்களுக்குத் திருப்பிவிடலாமா என்று சிலர் கேட்டார்கள். தாராளமாக. அதைக் கொண்டு மறுபடி ஒளு செய்வதில்தான் சட்டப் பேச்சு இருக்கிறதே தவிர, செடிக்கு ஊற்றத் தடையில்லை. வீட்டில் ஒளு செய்யும்போது ஒருமுறை கீழே வாளியை வைத்துப் பாருங்கள். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு தண்ணீரில், அதாவது நம் அளவையில் முக்கால் லிட்டருக்கும் குறைவில், ஒளு செய்ததாக ஹதீஸில் வருகிறது. வாளியில் நிற்கும் தண்ணீரைப் பார்த்தபோது எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

இந்த ஆண்டு கமிட்டியில் இதைப் பற்றிப் பெரிய வாக்குவாதம். அதே தொகையில் எல்லாருக்கும் மறுபடி ஒரு டிரம் கொடுத்தால் யாருக்கும் மனக்குறை இராது என்று சிலர் சொன்னார்கள். நாலு நாளில் தீரும் தண்ணீரை எல்லாருக்கும் கொடுப்பதைவிட, தோட்டத்தை நம்பிப் பிழைக்கும் சிலருக்கு 1,000 லிட்டர் தொட்டி கொடுப்பதே சரி என்பது என் கருத்து. கடைசியில் அப்படியே முடிவாயிற்று. விடுபட்டவர்கள் வருத்தப்படுவது நியாயம்தான். அவர்கள் தங்களிடமுள்ள டிரம்களை இணைத்துக்கொள்ள வேண்டிய குழாயும், மூடிக்கு வலைத்துணியும் அலுவலகத்தில் வாங்கி வைத்திருக்கிறோம். ஐப்பசி பிறக்குமுன், வெள்ளி தவிர மற்ற நாட்களில் மஃரிபுக்குப் பின் வந்து பெற்றுக்கொள்ளலாம். வரும்போது உங்கள் மொட்டை மாடியின் நீள அகலத்தை அளந்து ஒரு தாளில் குறித்துக்கொண்டு வாருங்கள். உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்ப்போம்.