தக்கான் குளக்கரையில் ஒரு கருடஸேவை

காஞ்சிப் பேரருளாளன் வைகாசி ப்ரஹ்மோத்ஸவத்தின் மூன்றாம் நாள் கருடன்மேல் எழுந்தருளுகையில், கோபுர வாசலில் ஒரு கணம் குடைகளால் மறைப்பார்கள். புதிதாக ஸேவிக்க வந்தவர் முகஞ்சுளிப்பதும் உண்டு. அதன் காரணம் நம் பக்கத்துச் சோளிங்கபுரத்தில் இருக்கிறது.

16ஆம் நூற்றாண்டில் கடிகாசலத்தின் அடிவாரத்தில் வாழ்ந்தவர் தொட்டாசாரியர் ஸ்வாமி. தேசிகனின் சததூஷணிக்குச் சண்டமாருதம் என்னும் வியாக்யானம் அருளியவர். ஆண்டுதோறும் காஞ்சி சென்று கருடஸேவை கண்டுவந்த அவருக்கு ஓராண்டு உடல்நலிவால் செல்ல இயலவில்லை. தக்கான் குளக்கரையில் நின்று, இந்நேரம் பெருமாள் வாசல் கடந்திருப்பாரே என்று நினைந்து உருகித் துதித்தார். அத்துதியே தேவராஜ பஞ்சகம். வரதன் அங்கேயே கருடாரூடனாய்க் காட்சி தந்தான் என்பது பெரியோர் கூறும் வரலாறு. காஞ்சியில் குடை மறைக்கும் அக்கணம், பெருமாள் சோளிங்கபுரம் சென்று மீளும் கணமாம்.

2020ஆம் ஆண்டு வைகாசியில் கொள்ளைநோயால் கோயில் கதவுகள் அடியார்களுக்கு அடைபட்டிருந்தன. தமிழகத்துப் பெரிய கோயில்கள் செப்டம்பர் 1ஆம் தேதிதான் திறந்தன. அவ்வாண்டு நாம் அனைவரும் குளக்கரையில் நின்றவர்களே. ஆனால் ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தோல் பதனிடும் தொழிற்சாலைகளிலும் ஷூ கம்பெனிகளிலும் உழைக்கும் பலருக்கு, உத்ஸவம் வேலைநாளில் வரும்போதெல்லாம் இதே நிலைதான். அதனினும் பெரிய தயக்கம் ஒன்றுண்டு: தோல் தொட்ட கையோடு, அந்த வாடையோடு, திருநாமம் சொல்லலாமோ என்பது.

இதற்குப் பிள்ளை லோகாசாரியர் ஸ்ரீவசனபூஷணத்தில் விடை வைத்துப் போனார். ப்ரபத்திக்கு இடம், காலம், முறை, அதிகாரி, பலன் என்னும் நியமங்கள் இல்லை. யாரைப் பற்றுகிறோம் என்பதொன்றே நியமம். திரௌபதி நீராடிவிட்டுச் சரணம் புகவில்லை. அர்ஜுனன் சரமச்லோகம் கேட்டதும் போர்க்களத்தின் நடுவே. கோயிலையும் கோஷ்டியையும் இழக்கும் நிலையைப் பின்னர் அவரே அநுபவித்தார். 1323ஆம் ஆண்டுப் படையெடுப்பில் நம்பெருமாளோடு ஸ்ரீரங்கத்தை விட்டுப் புறப்பட்டு, ஜ்யோதிஷ்குடியில் திருநாட்டுக்கு எழுந்தருளினார்.

ஆகவே தையல் எந்திரத்தின்முன் அமர்ந்து ஷூவின் மேற்பகுதியைத் தைக்கும் பெண், வீடு சேர்ந்து நீராடி விளக்கேற்றும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை, தைத்துக்கொண்டே நினைக்கலாம். கோயில் வேண்டா என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. தொட்டாசாரியர் நடக்க முடிந்த ஆண்டெல்லாம் காஞ்சிக்குப் போனவர். அப்படிக் கண்ட கண்களுக்கே குளக்கரையில் உருகத் தெரிந்தது.

இவ்வுத்ஸவத்திற்கு வர இயலாதவர் உங்கள் தெருவில் இருப்பின், திருத்துழாயும் ப்ரஸாதமும் கொண்டுபோய்க் கொடுங்கள். இன்று எந்த வாகனம், என்ன மாலை சாற்றியிருந்தது, புறப்பாடு எந்நேரம் என்பதையும் நிதானமாகச் சொல்லுங்கள். அவர் நினைந்து ஸேவிக்க அது வேண்டும்.