இணையத்தில் இடைச்செருகல்

நுழையும்முன்

ஓலைச்சுவடிகளைப் படியெடுத்தோர் சிலர், தாம் இயற்றிய பாடல்களையும் மூலநூலுக்குள் சேர்த்தெழுதினர். அவற்றை இடைச்செருகல் என்கிறோம். இன்று இணையதளங்களிலும் இடைச்செருகல் நிகழ்கிறது. அதன் இயல்பையும் அதனைத் தடுக்கும் வழிகளையும் இப்பாடம் விளக்குகிறது.

தரவும் கட்டளையும்

கீழ்பென்னாத்தூர் மாணவி ஒருத்தி கல்வி உதவித்தொகைக்கு இணையவழியில் விண்ணப்பிக்கிறாள் எனக் கொள்வோம். படிவத்தில் அவள் எழுதும் பெயர், தரவு. 'இப்பெயருக்குரிய விவரத்தை எடுத்துக் கொடு' என இணையதளம் தரவுத்தளத்திற்கு இடும் ஆணை, கட்டளை. இரண்டையும் ஒரே தொடராக ஒட்டி அனுப்பும்போதுதான் ஆபத்து பிறக்கிறது. அத்தொடரில் பெயரின் முடிவைக் காட்டுவது ஒற்றை மேற்கோள்குறி. தீய எண்ணம் கொண்டவர் பெயர்க்கட்டத்தில் தாமே அக்குறியை இட்டு, 'அனைவரது விவரத்தையும் கொடு' என்னும் பொருளுடைய நிரல்வரியைத் தொடர்ந்து எழுதுகிறார். தரவுத்தளம் அதனையும் கட்டளையாகவே ஏற்றுச் செயற்படுகிறது. பூட்டை உடைக்காமலே கதவு திறந்துகொள்கிறது.

உலகு கண்ட படிப்பினை

இத்தகைய தாக்குதலின் விளைவை, பிரிட்டனின் டாக்டாக் தொலைத்தொடர்பு நிறுவனத்தில் 2015 அக்டோபரில் நிகழ்ந்த களவு உணர்த்தும். அதில் 1,56,959 வாடிக்கையாளர்களின் விவரங்கள் களவாடப்பட்டன. அவர்களுள் 15,656 பேரின் வங்கிக் கணக்கு விவரங்களும் பறிபோயின. அந்நிறுவனம் வேறொரு நிறுவனத்தின் தொழிலை வாங்கியபோது உடன்வந்த பழைய இணையப்பக்கங்களே நுழைவாயில் ஆயின. அவற்றின் மென்பொருட் குறைக்கான திருத்தம் ஆண்டுகள் சிலவற்றுக்கு முன்பே வெளிவந்திருந்தும் பயன்படுத்தப்படவில்லை. அந்நாட்டுத் தகவல் ஆணையர் அலுவலகம் 2016இல் நான்கு இலட்சம் பவுண்டு அபராதம் விதித்தது.

காக்கும் வழிகள்

ஐயத்துக்குரிய குறிகளைத் தடைசெய்வது மட்டும் போதாது. டிசோசா என்பது போன்ற பெயர்களை ஆங்கிலத்தில் எழுதுகையில் அக்குறி இயல்பாகவே வரும். அதனைத் தடுத்தால் அப்பெயருடையோர் படிவத்தை நிரப்ப இயலாது. கட்டளையின் அமைப்பைத் தரவுத்தளத்திற்கு முதலில் அறிவித்துவிட்டு, தரவைத் தனியே அனுப்புவதே முதன்மையான காப்பு. அப்போது பெயர்க்கட்டத்தில் எது வரினும் அது பெயராகவே கொள்ளப்படும். பயனர் எழுதியதைத் திரையில் காட்டுமுன் நிரற்குறிகளை வெறும் எழுத்துகளாக மாற்றுதல், இணையதளத்திற்குத் தேவையான அளவே தரவுத்தள உரிமை வழங்குதல், மென்பொருளை உடனுக்குடன் புதுப்பித்தல் ஆகியன துணைக்காப்புகள்.

சுவடிகள் பலவற்றை ஒப்புநோக்கி மூலத்தையும் இடைச்செருகலையும் பிரித்தறிந்தவர்கள் நம் பதிப்பாசிரியர்கள். நிரல் எழுதுவோரோ அப்பிரிவினையைத் தொடக்கத்திலேயே செய்துவிட வேண்டும். படிவத்தை நம்பித் தம் விவரங்களை ஒப்படைக்கும் மக்களுக்கு அவர்கள் ஆற்றவேண்டிய கடமை அது.

தெரியுமா?

இந்தியாவில் கணினிப் பாதுகாப்பு நிகழ்வுகளைக் கையாளும் செர்ட்-இன் அமைப்பு 2004 முதல் இயங்கிவருகிறது.

கற்பவை கற்றபின்

நீங்கள் நிரப்பிய இணையப் படிவம் ஒன்றில், ஒவ்வொரு கட்டமும் எவ்வகைத் தரவை ஏற்கவேண்டும் எனப் பட்டியலிட்டு வகுப்பில் கலந்துரையாடுக.