மருதோண்டிக் கோனும் காற்றுச் சிரிஞ்சும்

பெருநாள் இரவில் மருதோண்டி இடும் மாணவிகளுக்கு ஒரு விடயம் நன்றாகத் தெரியும். கோனை ஒரே சீராக அமுக்கினால்தான் கோடு ஒரே தடிப்பில் வரும். நான்காவது ஆளின் கைக்கு வரும்போது விரல் களைத்துவிடும். கொடி ஓரிடத்தில் தடித்து, இன்னோரிடத்தில் மெலியும். கைபேசித் திரை ஒட்டுபவருக்கும் இதே தொல்லைதான். பசை கூடினால் உள்ளே பிதுங்கி ஒலித்துளையை அடைக்கும். குறைந்தால் திரை கழன்றுவிடும்.

விரலின் வேலையைக் காற்றிடம் கொடுப்பதே காற்றுச் சிரிஞ்சு. திருநெல்வேலியில் பல்கலைக்கழகத்துக்கு அண்மையிலுள்ள ஒரு திருத்தகத்தில் அதை நானே இயக்கிப் பார்த்தேன். கம்பிரசரிலிருந்து வரும் காற்றின் அமுக்கத்தை ஒரு சீராக்கி வேண்டிய அளவுக்குக் குறைக்கிறது. காலால் மிதித்ததும், நாம் குறித்த நேரத்துக்கு மட்டும், செக்கனில் பத்திலொரு பங்குக்குக்கூட, வால்வு திறந்து மூடுகிறது. காற்று முசலத்தைத் தள்ள, ஊசி நுனியில் ஒரு புள்ளி பசை வருகிறது.

அமுக்கம், நேரம், ஊசி ஆகிய மூன்றில் ஊசிதான் பெரிய ஆள். இரத்த ஓட்டத்தை விளங்கிக்கொள்ள விரும்பிய பிரெஞ்சு வைத்தியர் புவாசேய், 1840 அளவில் ஒடுங்கிய கண்ணாடிக் குழாய்களில் நீரை ஓடவிட்டு ஒரு விதியைக் கண்டார். பாய்வு வீதம் ஆரையின் நான்காம் வலுவுக்கு நேர்விகிதசமம். ஆரை பாதியானால் பாய்வு பதினாறில் ஒன்று! 18ஆம் இலக்க ஊசியின் துளை 0.84 மில்லிமீற்றர், 25ஆம் இலக்கத்தில் 0.25. (இலக்கம் கூடக்கூடத் துளை சிறுக்கும், குழம்ப வேண்டாம்.) நீளமும் அமுக்கமும் ஒன்றாக இருந்தால் இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 127 மடங்கு வித்தியாசம். பௌதிகவியல் பெண்பிள்ளைகளுக்குக் கடினம் என்று சொல்லும் பெற்றோர், தம் மகள் கோனின் நுனியை எவ்வளவு பார்த்துப் பார்த்து வெட்டுகிறாள் என்பதை ஒருமுறை கவனிக்கட்டும்.

தடித்த பசைக்கு நேரான உலோக ஊசி சரிவராது. கூம்பு வடிவப் பிளாத்திக்கு நுனியைத்தான் போடுவார்கள். கடைசி முனை மட்டும் ஒடுங்கியிருப்பதால் தடை குறைகிறது. எங்கள் கோனும் அதே வடிவம்தானே! தண்ணீர்போன்ற பசையில் பிரச்சினை வேறு. மிதியை விட்ட பிறகும் அது சொட்டும். அதற்காகக் கருவி மெல்லிய உறிஞ்சலால் அதைப் பின்னே பிடித்து வைக்கிறது. பசைக்குள் காற்றுக்குமிழி இருந்தால் அமுக்கத்தில் சுருங்கி, பின் விரிந்து, வேண்டாத நேரத்தில் பசையை வெளியே தள்ளும்.

நுனியைக் கண்ணுக்கோ விரலுக்கோ நேரே பிடிக்கவே கூடாது. அமுக்கத்திலுள்ள பசை தோலுக்குள் ஏறினால் உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

நான் எதிர்பாராத ஒன்றும் இருந்தது. சிரிஞ்சு வெறுமையாக வெறுமையாகப் புள்ளி சிறுத்துக்கொண்டே போயிற்று. பசை குறைய உள்ளே காற்றுக்கான இடம் பெருகுகிறது. அதை நிரப்பவே நேரத்தின் ஒரு பகுதி போய்விடுகிறது. அந்தத் திருத்தகத்தில் ஒரு சீ.ஆர். கொப்பி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு பசைக்கும் அமுக்கம், நேரம், ஊசி இலக்கம் ஆகியவற்றுடன், பாதிச் சிரிஞ்சுக்குப் பிறகு நேரத்தை எவ்வளவு கூட்டுவது என்பதும் அதில் பென்சிலால் குறித்திருந்தது.