மாமர நிழலில் நிறம்

வாசலில் இரண்டு பெரிய மாமரங்கள். அடியில் வெயிலே விழுவதில்லை; வைத்த ரோஜா பூக்கவில்லை. தினமும் பராமரிக்க நேரமில்லை. நிறத்துக்கு என்ன வைக்கலாம்?
– வாசகி, தஞ்சாவூர்

ரோஜா மேல் தப்பில்லை. அதற்கு நாளுக்கு 6 மணி நேர வெயில் வேண்டும். நிழலில் பூவைவிட இலையை நம்புங்கள். சிவப்பும் வெள்ளையுமாக இலை விடும் கலாடியம் கிழங்கை மழைக்காலத் தொடக்கத்தில் நடுங்கள். சில மாதம் கழித்து இலையெல்லாம் வாடி மறையும். செத்துவிட்டதென்று பிடுங்கிவிடாதீர்கள், கிழங்கு உறங்குகிறது, மீண்டும் துளிர்க்கும். ஆண்டு முழுக்க நிறம் நிற்க அக்லோனிமா. நிழலின் ஓரத்தில், சற்று வெளிச்சம் எட்டும் இடத்தில் கனகாம்பரம், தலைக்கும் பூவாயிற்று! மரவேரை வெட்டிக் குழி தோண்டாமல் தொட்டியிலேயே வளருங்கள். உதிரும் மாவிலையைக் கொளுத்தாமல் தொட்டி மண்மேல் பரப்பினால் ஈரம் சீக்கிரம் காயாது.