செம்புக் கம்பியும் நான்கு இழையும்

போன மே மாதம் ஒரு தம்பி வீட்டுக்கு வந்தார். இங்கிலாந்தில் சால்ஸ்பரி பக்கம் புதிதாகக் குடிவந்தவர், தூண்டிலும் புதிதாகப் பிடித்தவர். பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்துத் திறந்தார். உள்ளே அவர் கட்டிய பன்னிரண்டு நிம்ஃப்கள், கம்பளிப்பூச்சி மாதிரி வரிசையாகப் படுத்திருந்தன. “பார்த்துப் பார்த்துக் கட்டினேன் அண்ணா. மூணு வாரமா ஆத்துல நிக்கிறேன், ஒரு டிரவுட் கூடத் தொடல” என்றார். நான் ஒன்றை எடுத்து மேசையில் இருந்த டம்ளர் தண்ணீரில் போட்டேன். மிதந்தது. விரலால் அமுக்கிவிட்டேன். மறுபடி மேலே வந்து நின்றது.

டிரவுட் தன் இரையில் பெரும்பகுதியைத் தண்ணீருக்கு அடியில்தான் எடுக்கிறது. மேஃப்ளை என்ற பூச்சி இறக்கை முளைத்து வெளியே பறப்பது ஓரிரு நாள்தான். அதற்கு முன் பல மாதங்கள் ஆற்றின் அடியில், கல்லிலும் பாசியிலும் இளம்பூச்சியாகக் கிடக்கிறது. அந்தப் பருவத்துக்குத்தான் நிம்ஃப் என்று பெயர். அதைப் போலத் தூண்டில் முள்ளில் நாம் சுற்றும் பொய்ப்பூச்சிக்கும் அதே பெயர். அதற்கு முதல் தகுதி மூழ்குவது, இரண்டாவது ஒல்லியாக இருப்பது. கண், கால், பளபளப்பு எல்லாம் கடைக்காரர் நம்மிடம் விற்பதற்காகச் சேர்த்தவை என்பது என் எண்ணம். ரோமத்தையும் கம்பளியையும் அள்ளிச் சுற்றினால் இழைகளுக்கு நடுவே காற்று தங்கும். தம்பியின் நிம்ஃப் மிதந்ததற்குக் காரணம் அதுதான்.

புதிதாகக் கட்டுகிறவர்கள் எல்லோருக்கும் நான் சொல்வது ஒரே ஒரு நிம்ஃப்: ஃப்ராங்க் சாயர் கட்டிய ஃபெசன்ட் டெயில். சாயர் வில்ட்ஷரில் ஏவன் ஆற்றின் காவலராக வாழ்ந்தவர். நாள் முழுக்க ஆற்றைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவர் வேலை. நீந்தும் நிம்ஃப் கால்களை உடலோடு ஒட்டி மடக்கிக்கொள்வதைக் கவனித்தார். அதனால் தன் நிம்ஃபுக்குக் கால் வைக்கவே இல்லை. நூலையும் விட்டுவிட்டார். மெல்லிய செம்புக் கம்பியே நூல், அதுவே எடை. 1958-இல் வந்த ‘நிம்ஃப்ஸ் அண்ட் தி டிரவுட்’ என்ற நூலில் இதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்.

இவருக்கு முன்னால் ஸ்க்யூஸ் என்ற வழக்கறிஞர் இருந்தார். சுண்ணாம்புப் பாறையில் ஊறி வரும் அந்தத் தெளிந்த ஆறுகளில் மிதக்கும் ஃப்ளை (பொய்ப்பூச்சி) தவிர வேறெதையும் வீசுவது மரியாதைக் கேடு என்று பெரிய மனிதர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், 1910-லேயே அவர் மூழ்கும் ஃப்ளைக்கு வாதாடிப் புத்தகம் போட்டார். 1938-இல் லண்டனில் இதற்கென்றே விவாதம் நடத்தினார்கள் என்றால் பாருங்கள், மீன் எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டிருக்கும்!

சாமான் அதிகம் வேண்டாம். முள்ளைக் கவ்வ ஒரு சின்ன வைஸ், கூரான கத்தரி, 14 அல்லது 16-ஆம் எண் முள் (எண் ஏற ஏற முள் சிறியது), ஆண் ஃபெசன்ட் கோழியின் வால் இறகு ஒன்று. இங்கிலாந்தில் அக்டோபர் 1 முதல் பிப்ரவரி 1 வரை ஃபெசன்ட் வேட்டைக் காலம். அப்போது வேட்டைக்கறி விற்கும் கடையில் கேட்டால் வாலைச் சும்மாவே கொடுத்துவிடுவார்கள். கம்பிக்கு மோட்டார் வைண்டிங் செய்கிற கடைக்குப் போங்கள். தலைமுடியைவிடச் சற்றுத் தடித்த எனாமல் பூசிய செம்புக் கம்பி போதும். அந்தச் செம்மண் நிறம் இழைகளுக்கு நடுவே லேசாகத் தெரிவது இந்த நிம்ஃபுக்கு அழகு.

கட்டத் தொடங்குமுன் முள்ளின் முனைக்குப் பக்கத்தில் இருக்கும் எதிர்முள்ளைக் குறடால் அமுக்கிவிடுங்கள். பிடித்த மீனை நோகாமல் விடலாம். இன்னொரு காரணமும் உண்டு: மட்டமான முள் அமுக்கும்போதே ஒடிந்துவிடும். கட்டி முடித்த பிறகு ஒடிந்தால் வயிறு எரியும்.

கம்பியை முள்ளின் காதுக்குப் பின்னாலிருந்து வளைவு வரை நெருக்கமாகச் சுற்றுங்கள். திரும்பி வந்து, நெஞ்சுப் பகுதியில் மட்டும் சில சுற்று கூட்டி ஒரு சின்னத் திமில் எழுப்புங்கள். பிறகு கம்பியை மறுபடி வளைவுக்குக் கொண்டுபோய்த் தொங்கவிடுங்கள். காதுக்கு அருகில், காதின் அகலத்துக்கு வெற்றிடம் இருக்கட்டும். தம்பியின் பன்னிரண்டில் எட்டில் காதே அடைபட்டிருந்தது. நரம்பு கோக்கவே ஊசியால் குத்த வேண்டியிருந்தது.

அடுத்தது இறகு. பலரும் அவசரப்படுவது இங்கேதான். இறகின் நடுத்தண்டிலிருந்து நான்கு இழைகளைப் பிரித்து, தண்டுக்குச் செங்குத்தாக வரும்படி விரலால் இழுத்துப் பிடியுங்கள். அப்போதுதான் நான்கு நுனிகளும் ஒரே மட்டத்துக்கு வரும். அதன் பிறகே கத்தரி. நுனிகள் மூன்று மில்லிமீட்டர் அளவு பின்னால் நீட்டிக்கொண்டு வாலாகும்படி வைத்து, வளைவில் கம்பியால் இரண்டு மூன்று சுற்று இறுக்குங்கள். பழைய இறகு மொறமொறவென்று ஒடிந்தால், கொதிக்கும் கெட்டிலின் ஆவியில் ஒரு நிமிடம் காட்டிவிட்டு எடுங்கள்.

இப்போது நான்கு இழைகளையும் கம்பியையும் ஒன்றாகச் சேர்த்து, பூத்தொடுக்கும் நாரைத் திரிப்பதுபோல விரலிடையில் திரியுங்கள். நாலைந்து திருப்பு போதும். அதற்கு மேல் முறுக்கினால் இழை அறும். அந்தத் திரியை முள்ளின் தண்டில் காது வரை சுற்றிக்கொண்டு போங்கள். கம்பி உள்ளே கலந்திருப்பதால் டிரவுட்டின் பல் பட்டு ஒரு இழை அறுந்தாலும் முழுவதும் பிரிந்து வராது. என்னிடம் இருப்பதில் அதிகம் மீன் பிடித்தது பாதி பிய்ந்துபோன ஒன்றுதான்.

காதை எட்டியதும் இழைகளைக் கம்பியிலிருந்து பிரித்துவிடுங்கள். கம்பியைத் திமிலுக்குப் பின்புறம் கொண்டுவாருங்கள். இழைகளைத் திமிலின் முதுகுமேல் பின்னால் மடித்து அங்கே கட்டுங்கள். கம்பியை முன்னால் கொண்டுபோய், இழைகளையும் முன்னால் மடித்துக் காதருகே கட்டுங்கள். இழை மிச்சமிருந்தால் இன்னொரு முறை போய்வரலாம். வெளிவரத் தயாரான நிம்ஃபின் முதுகில் இறக்கைப் பைகள் கறுத்துப் புடைத்திருக்கும். இந்த மடிப்புகள் அதைத்தான் காட்டுகின்றன. கடைசியாகக் காதுக்குப் பின்னால் கம்பியாலேயே மூன்று முடிச்சு. மிச்சக் கம்பியைக் கத்தரியால் வெட்டாதீர்கள், வாய் மழுங்கிவிடும். முன்னும் பின்னும் ஆட்டினால் தானே ஒடியும்.

வேகமான மலை ஓடையில் மீன் பிடிக்கிறவர்களுக்கு இது போதாது. தலையில் டங்ஸ்டன் மணி கோத்துக் கட்டுங்கள். ஒரே அளவுப் பித்தளை மணியைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கனம் அது. நீலகிரியில் ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்ட டிரவுட் நூறாண்டுக்கு மேலாக இருக்கிறது, அவலாஞ்சியில் குஞ்சுப் பண்ணையும் உண்டு. ஆனால் அங்கே பல ஓடைகள் பாதுகாக்கப்பட்ட காட்டுக்குள் ஓடுகின்றன. அனுமதி கேட்காமல் தூண்டிலோடு போய் நிற்காதீர்கள்.

வீசும்போது மீனுக்கு நன்றாக மேலே, நீரோட்டத்தின் முன்னால் போடுங்கள். நிம்ஃப் மூழ்கி மீனை நெருங்கும் நேரம் கழியின் நுனியை மெல்ல உயர்த்தினால், அடியிலிருந்து மேலே கிளம்பும் பூச்சிபோல அது எழும்பும். சாயர் காட்டிய வித்தை இது. அலட்சியமாகப் பார்த்துக்கொண்டிருந்த டிரவுட்டும் அப்போது வாயைத் திறந்துவிடும்.

அன்று சாயங்காலம் தம்பி என் மேசையிலேயே உட்கார்ந்து மூன்று கட்டினார். முதலாவதில் வால் விசிறிபோல விரிந்துகொண்டது. இரண்டாவதில் முறுக்கு அதிகமாகி இழை அறுந்தது. மூன்றாவதை டம்ளரில் போட்டோம். அடியில் போய் முள் கண்ணாடியில் தட்டும் சத்தம் கேட்டது. “இன்னும் ஒண்ணு கட்டட்டா அண்ணா?” என்றார். இதே முள், இதே அளவு, இரண்டு டஜன் கட்டிவிட்டு வாருங்கள், வேறு நிம்ஃபைப் பற்றி அப்புறம் பேசலாம் என்றேன். ஆற்றிலிருந்து வந்ததும் டப்பாவை ஒரு ராத்திரி திறந்து வைக்கவும் சொல்லி அனுப்பினேன். ஈரத்தோடு மூடினால் முள் துருப்பிடித்துவிடும்.