எழுபதாவது நிமிடத்துக்குப் பிறகு பாருங்கள்

ஜெராம், புக்கிட் ரோத்தான், காப்பார் வட்டாரத் திடல்களில் இளையோர் குழுவுக்கு ஆள் பார்க்கக் கிளம்பியிருக்கும் தம்பிகளுக்கு, பல வருடம் கோட்டோரம் நின்று ஆட்டம் பார்த்த கிழவன் சொல்வது. எல்லாமே விங்கரைப் பற்றித்தான். தோட்டத்துப் பிள்ளைகளில் வேகமாக ஓடுகிறவன் கண்ணில் பட்டால் எந்தப் பயிற்றுநரும் அவனைக் கோட்டோரத்தில்தான் கொண்டுபோய் நிறுத்துவார். சீக்கிரம் காலைக் கெடுத்துக்கொள்கிறவனும் பெரும்பாலும் அவனே.

1. ஓடுவதை எல்லாரும் பார்ப்பார்கள். நீங்கள் அவன் நிற்பதைப் பாருங்கள்.

பந்தை முன்னால் தட்டிவிட்டு முப்பது மீட்டர் பறப்பது பதினேழு வயதில் பெரிய வித்தை இல்லை. அதே வேகத்தில் வந்து இரண்டு மூன்று எட்டில் நின்று உள்ளே வெட்டுகிறானே, அந்த நேரத்தில் முழங்கால் எங்கே போகிறது? பாதத்துக்கு நேராக நிற்கிறதா, உள்பக்கம் சரிகிறதா? தலையால் முட்டக் குதித்தவன் கீழே வரும்போது முட்டியை மடக்கி இறங்குகிறானா, ஒற்றைக் காலில் விறைப்பாக இறங்குகிறானா? ஏ.சி.எல். தசைநார் பெரும்பாலும் எதிராளி நேராக முழங்காலில் மோதி அறுவதில்லை. நிற்கும்போதும் திரும்பும்போதும் இறங்கும்போதும்தான் அறுகிறது. முட்டி சரிகிறது என்பதற்காக ஒரு பையனைத் தள்ளிவிடாதீர்கள். அதைப் பழக்கித் திருத்தலாம். ஃபிஃபா 11+ என்றொரு சூடேற்றும் பயிற்சி இருக்கிறது. 15 பயிற்சிகள், சுமார் 20 நிமிடம், செலவு ஒரு காசு இல்லை. அதைச் செய்யாமல் திடலை இரண்டு சுற்று ஓடவிட்டு ஆட்டத்தைத் தொடங்கும் குழுக்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும்.

2. முதல் இருபது நிமிடத்தை வைத்து யாரையும் எடுக்காதீர்கள்.

நூறு பையன்களை வரிசையில் நிறுத்தி ஆளுக்கு இருபது நிமிடம் ஆடவிட்டுத் தேர்வு என்கிறார்கள். அதில் தெரிவது யார் காலையில் நன்றாகத் தூங்கி எழுந்தான் என்பதுதான். முழு ஆட்டம் ஒன்றுக்குப் போங்கள். கடற்கரைப் பக்கத்துப் புழுக்கத்தில், எழுபதாவது நிமிடத்துக்குப் பிறகு, பந்தைப் பறிகொடுத்தவன் திரும்பி ஓடி வருகிறானா என்று பாருங்கள். எட்டு நீளம் குறைந்து, இடுப்பு பின்னால் விழுந்து, பின்தொடையைக் கையால் பிடித்துவிட்டுக்கொள்கிறவனைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். பின்தொடைத் தசை கிழிவது முதல் பாதி முடியும் கட்டத்திலும் ஆட்டம் முடியும் கட்டத்திலும் கூடுகிறது என்று நிபுணத்துவ லீக்குகளில் கணக்கெடுத்தவர்கள் சொல்கிறார்கள். களைத்த காலில் அவன் ஓட்டம் எப்படி மாறுகிறது என்பது தெரிந்தால் அவனைப் பற்றிப் பாதி தெரிந்த மாதிரி.

3. பழைய காயத்தை விசாரியுங்கள். ஆனால் அதை வைத்தே தீர்ப்பு எழுதாதீர்கள்.

ஒருமுறை கிழிந்த பின்தொடை மறுபடி கிழிய வாய்ப்பு அதிகம். அடுத்த காயத்துக்கு முந்திய காயத்தைவிடப் பெரிய அறிகுறி வேறு கிடையாது. இதைப் பையனிடம் கேட்டால் “ஒன்னுமில்லைண்ணே” என்பான். அவன் அம்மாவைக் கேளுங்கள். எந்தக் காலுக்கு எண்ணெய் போட்டு உருவிவிட அழைத்துப்போனார், எத்தனை வாரம் நொண்டினான் என்று அவர் சொல்வார்.

இங்கே அமெரிக்கக் காற்பந்தில் இருந்து ஒருவரைச் சொல்ல வேண்டும். அந்த ஆட்டத்தில் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஆள்கூட்டத்துக்குள் பாய்கிற ‘ரன்னிங் பேக்’ என்ற இடம்தான் உடம்பைச் சீக்கிரம் தின்றுவிடும். ஃபிராங்க் கோர் மயாமி பல்கலைக்கழகத்தில் ஆடும்போதே அவருடைய இரண்டு முழங்காலிலும் ஏ.சி.எல். அறுந்தது. 2005இல் புதியவர்களைக் குழுக்கள் தேர்ந்தெடுத்தபோது 64 பேர் போன பிறகுதான் சான் பிரான்சிஸ்கோ அவரை எடுத்தது. அவர் 16 பருவம் ஆடி, 16,000 கெஜம் ஓடி, அந்த லீக்கின் வரலாற்றிலேயே மூன்றாவது இடத்தில் முடித்தார். அவரைத் தள்ளிவிட்டவர்கள் முழங்காலைப் பார்த்தார்கள். அறுவைக்குப் பிறகு அந்த முழங்காலை அவர் எப்படித் தேற்றிக்கொண்டார் என்பதை எத்தனை பேர் பார்த்தார்கள்?

ஆகவே காயம் என்ன என்று கேட்டதோடு நிறுத்தாதீர்கள். பிசியோ சொன்ன பயிற்சியை ஆள் இல்லாத நேரத்திலும் செய்தானா? ஏ.சி.எல். அறுவைக்குப் பிறகு ஒன்பது மாதம் பொறுத்தானா, ஐந்தாவது மாதமே தீபாவளிக் கிண்ணத்துக்கு இறங்கிவிட்டானா? ஒன்பது மாதத்துக்கு முன் இறங்குகிறவனுக்கு மறுபடி அறுவதற்கான வாய்ப்பு பல மடங்கு. பொறுக்கத் தெரிந்தவனை எடுங்கள்.

4. பிறந்த மாதத்தைக் கேளுங்கள்.

வயதுப் பிரிவு ஜனவரி 1இல் தொடங்குகிறது. ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவு, ஆனால் நடுவில் ஏறக்குறைய ஒரு வருட வளர்ச்சி. பதின்மூன்று வயதிலேயே மீசை அரும்பி மற்றவர்களை இடித்துக்கொண்டு ஓடுகிறவனைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். பதினெட்டில் மற்றவர்களும் அவன் உயரத்துக்கு வந்துவிடுவார்கள். உயரம் விறுவிறுவென்று ஏறும் வருடத்தில் முட்டிக்குக் கீழே வலி என்று சொல்கிறவனைச் சோம்பேறி என்று திட்டவும் வேண்டாம்.

5. எத்தனை சட்டை வைத்திருக்கிறான் என்று எண்ணுங்கள்.

பள்ளிச் சட்டை, மாவட்டச் சட்டை, கோயில் இளைஞர் குழுச் சட்டை, மாமன் நடத்தும் எழுவர் குழுச் சட்டை, மேருவில் ஃபுட்சால் ஆடும் கூட்டாளிகளின் சட்டை. நன்றாக ஆடுகிற பையனுக்கு ‘மாட்டேன்’ என்று சொல்ல வாய் வராது, ஐம்பது வெள்ளி கையில் திணித்தால் அதுவும் போச்சு. சனிக்கிழமை முழு ஆட்டம், ஞாயிறு காலையில் இருந்து இருட்டும் வரை எழுவர் ஆட்டம், அதுவும் மழை காணாத நாளில் செம்மண் கட்டியாகிப்போன திடலில். பிறகு செவ்வாய்க்கிழமை கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் “உடம்பு வாகில்லை” என்று நாமே பட்டம் கட்டிவிடுகிறோம். உடம்பு வாகாகத்தான் இருந்தது, தம்பி. முன்பு தோட்டத்துக்கு ஒரு திடல், ஒரு குழு, மாலை ஐந்து மணிக்கு ஒரு ஆட்டம். பால்மரம் போய் செம்பனை வந்து, லயங்கள் காலியாகி, பிள்ளைகள் தாமானுக்குப் போன பிறகு ஆளாளுக்கு ஒரு குழு. ஒரு பையனை எடுப்பதற்கு முன் போன மாதம் அவன் ஆடிய ஆட்டங்களை நாள்வாரியாக எழுதி வாங்குங்கள். எண்ணிக்கையைப் பார்த்தால் உங்களுக்கே தலை சுற்றும்.

6. இரவு வேலையா? கேளுங்கள். தொழிற்சாலையில் இரவு நேர வேலை முடித்து, ஒரு ரொட்டி சானாயோடு பயிற்சிக்கு வருகிறவனை நன்றாகத் தூங்கிச் சாப்பிடுகிறவனோடு ஒப்பிடாதீர்கள்.

7. கப்சாய் மோட்டார் ஓட்டுகிறானா என்று பாருங்கள்.

சிரிக்க வேண்டாம். இந்த நாட்டில் சாலையில் உயிர்விடுகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள். உயிர் தப்பினாலும் கால் தப்புவதில்லை. ‘ஸ்பைடர்மேன்’ என்று நாடே கூப்பிட்ட கோல் காவலர் ஆர். ஆறுமுகத்தை எந்தத் தாக்கு ஆட்டக்காரனும் சாய்க்கவில்லை. 1988இல் சாலை விபத்தில்தான் போய்ச் சேர்ந்தார். பயிற்சி முடிந்து இருட்டில் லாரிகள் போகும் சாலையில் ஒரே மோட்டாரில் மூன்று பேர் வீட்டுக்குப் போவதைக் கண்டால், வேன் ஏற்பாடு செய்வதுதான் உங்கள் முதல் வேலை.

8. இன்னொரு இடத்தில் ஆடவிட்டுப் பாருங்கள்.

வேகம் ஒன்றை மட்டும் வைத்திருப்பவனுக்கு, அது குறைகிற வருடம் ஆட்டமும் முடிந்துவிடும். எஸ். குனாளன் 1986இல் பிறந்தவர். விங்கராகத் தேசியக் குழுவுக்கு வந்தார், 2010இல் தென்கிழக்காசியக் கிண்ணத்தை வென்ற அணியில் இருந்தார். பிறகு ஜொகூர் டாருல் தக்சிமில் வலப்புறத் தற்காப்புக்கு மாறி முப்பதைத் தாண்டியும் ஆடினார். எதிராளியை விரட்டக் கற்றுக்கொண்டதும், எப்போது ஓட வேண்டாம் என்று தெரிந்துகொண்டதும்தான் அவருக்கு அந்த வருடங்களைக் கொடுத்தது என்பது என் கணிப்பு. அந்த 2010 குழுவின் பயிற்றுநர் கே. ராஜகோபாலையும் கவனியுங்கள். 2009இல் லாவோசில் சீ விளையாட்டுத் தங்கம் வென்ற இளையோர் குழுவுக்கும் அவரே பயிற்றுநர். அந்தப் பையன்களில் பலரை அப்படியே மூத்த குழுவுக்குக் கொண்டுபோனார். முதல் ஆட்டத்திலேயே இந்தோனேசியாவிடம் 1-5 என்று உதை வாங்கியும் பையன்களை மாற்றிக்கொண்டே இருக்கவில்லை. இறுதி ஆட்டத்தில் அதே இந்தோனேசியாவை இரண்டு சுற்றும் சேர்த்து 4-2இல் வென்றார்கள்.

9. ‘அடுத்த மொக்தார் டஹாரி’ என்று எவனையும் சொல்லாதீர்கள். அவன் காதில் விழும்படி நிச்சயமாகச் சொல்லாதீர்கள்.

10. ஒப்பந்தம் வந்தால் பெற்றோரோடு நீங்களும் உட்காருங்கள்.

சம்பளம் எவ்வளவு என்பதைத் தாண்டி மூன்று கேள்வி கேளுங்கள். காயம் பட்டால் அறுவைச் செலவு யாருடையது? ஆட முடியாத மாதங்களுக்குச் சம்பளம் உண்டா? ஒப்பந்தம் முடிகிற மாதத்தில் கால் கட்டோடு இருந்தால் சிகிச்சையைத் தொடர்வது யார்? பதில் வாயால் வந்தால் போதாது, தாளில் வர வேண்டும். சம்பளப் பாக்கி வைத்த கிளப்புகளின் கதை இந்த நாட்டில் புதிதில்லை. நிபுணத்துவ ஆட்டக்காரர்களுக்கென்று பி.எஃப்.ஏ.எம். என்ற சங்கம் இருக்கிறது. கையெழுத்துப் போடுவதற்கு முன் அங்கே காட்டுங்கள். பையன் எஸ்.பி.எம். எழுதாதவனாக இருந்தால் தேர்வு நாட்களில் விடுப்பு உண்டு என்பதையும் அதே தாளில் சேர்க்கச் சொல்லுங்கள்.