மழைக் கணக்கும் கடைக் கணக்கும்

குடை, மழை அங்கி விற்பவர் எந்த மாதத்துக்கு எவ்வளவு சரக்கு எடுப்பது? கருவாடு, கொப்பரா காய வைப்பவர் எந்தக் கிழமைகளை நம்புவது? எம்மில் பலர் இதற்கு அனுபவத்தையே நாடுகிறோம். ஆனால் ஞாபகத்தில் நிற்பது பெருவெள்ளம் வந்த ஆண்டுதான். சாதாரண ஆண்டுகள் மறந்து விடுகின்றன.

இதற்கென ஒரு பதிவேடு இலவசமாகவே கிடைக்கிறது. ஐக்கிய அமெரிக்க அரசின் தேசிய சமுத்திர மற்றும் வளிமண்டல நிர்வாகம், அதாவது 'நோவா', உலகெங்குமுள்ள நிலையங்களின் அன்றாட மழை, வெப்பநிலைப் பதிவுகளைத் திரட்டி வைத்துள்ளது. அதில் கொழும்பு நிலையமும் உண்டு. ஒவ்வொரு நிலையத்துக்கும் தனிக் கோப்பு இருக்கிறது.

அதை எடுப்பதற்குப் பைத்தன் என்ற கணினி மொழியும், அதற்கான 'பாண்டாஸ்' என்ற நிரல் நூலகமும் போதும். இரண்டும் இலவசம். கோப்பின் இணைய முகவரியைக் கொடுத்தால் பாண்டாஸ் ஒரே கட்டளையில் அதை வாசித்து அட்டவணையாக்கும். இன்னும் சில வரிகளில் மாதவாரியாகக் கூட்டித் தரும். கணினி படிக்கும் பிள்ளையொருவர் வீட்டில் இருந்தால் ஒரு மாலைப்பொழுதில் முடியக்கூடிய வேலை.

எனினும் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும்.

முதலாவது அலகு. இந்தக் கோப்பில் மழை, மில்லிமீற்றரின் பத்திலொரு பங்காக எழுதப்பட்டுள்ளது. 254 என்றிருந்தால் அது 25.4 மில்லிமீற்றர். பத்தால் வகுக்க மறந்தால் தூறலும் வெள்ளமாகத் தெரியும்.

இரண்டாவது வெற்றிடம். பதிவு வந்து சேராத நாட்கள் வெறுமையாக இருக்கும். கூட்டும்போது பாண்டாஸ் அவற்றைச் சத்தமின்றித் தாண்டிச் செல்லும். நவம்பரின் 30 நாட்களில் 12 நாட்கள் வெறுமையென்றால், கிடைப்பது 18 நாள் மழைதான். அதை முழு மாதக் கணக்கென்று நம்பிக் கொள்முதலைக் குறைத்தால் நட்டம் எமக்கே. கணக்கப்பிள்ளை எழுதாத நாள் விற்பனை இல்லாத நாளல்லவே! ஆகவே கூட்டுத்தொகைக்குப் பக்கத்தில், எத்தனை நாட்கள் பதிவாகியுள்ளன என்பதையும் எண்ணச் சொல்லுங்கள். பதிவு குறைந்த மாதங்களை ஒதுக்கி விடுங்கள்.

பத்தாண்டு மழைக் கணக்கை உங்கள் விற்பனைப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இது கடந்த காலப் பதிவு மாத்திரமே. நாளைய மழைக்கும் எச்சரிக்கைக்கும் எமது வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலையே கேட்க வேண்டும்.